“என்ன மருந்து, எவ்வளவு, கடைசியாக எப்போது?” செல்லப்பிராணிக்கு ஓர் அவசரத் தாள்

கேள்வி: எங்கள் வீட்டு நாய் லட்டுவுக்குப் பத்து வயது. ஷிஹ் ட்ஸு வகை. ஒன்றரை வருடமாக இதய நோய்க்கு மருந்து சாப்பிடுகிறான். போன மாதம் ஒருநாள் நள்ளிரவில் மூச்சுவிடத் திணறினான். வழக்கமாகப் போகும் கிளினிக் பூட்டியிருந்ததால், இரவில் திறந்திருக்கும் வேறொரு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்று கேட்டார்கள். ‘இதயத்துக்கு ஒரு மாத்திரை, நீர் பிரிய ஒரு மாத்திரை’ என்பதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நல்லவேளை, பிழைத்துவிட்டான். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். பகலில் மாமியாரும் பணிப்பெண்ணும்தான் அவனோடு இருப்பார்கள். மாமியாருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். அடுத்த முறை இப்படித் தடுமாறாமல் இருக்க என்னென்ன தயாராக வைத்திருக்க வேண்டும்? என் தங்கை பூனை வளர்க்கிறாள். அவளுக்கும் இதே ஏற்பாடு போதுமா?
– ஒரு வாசகி, தெம்பனிஸ், சிங்கப்பூர்

பதில்: லட்டு நலமாக வீடு திரும்பியதில் எனக்கும் நிம்மதி. உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி, பகலில் மாமியாரும் பணிப்பெண்ணும் இருப்பார்கள் என்பதுதான். அவசரத் தகவலை நம்மில் பலர் நமக்கு வசதியான விதத்தில், நம் ஃபோனில், நமக்குப் புரியும் சுருக்கத்தில் எழுதி வைத்துக்கொள்கிறோம். லட்டு பகல் இரண்டு மணிக்கு மயங்கி விழுந்தால் உங்கள் ஃபோன் அலுவலகத்தில் இருக்கும். அதனால் இந்தத் தாளை உங்கள் மாமியார் கையில் இருக்கப்போகும் தாள் என்று நினைத்தே எழுதுங்கள். அவர் எதையும் விளக்க வேண்டியிருக்கக் கூடாது. எடுத்து நீட்டினால் போதும் என்று இருக்க வேண்டும்.

முதலில் மருந்து. இதில் கொஞ்சம் அதிக நேரம் செலவிடுங்கள், ஏனென்றால் தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். ‘நீர் பிரிய ஒரு மாத்திரை’ என்றீர்கள். அது அநேகமாக ஃபுரோசமைடாக இருக்கும். நுரையீரலில் நீர் கோத்து ஒரு நாய் மூச்சுத்திணறலோடு வந்தால் கால்நடை மருத்துவர்களான நாங்கள் உடனே ஊசியாகப் போடுவதும் அதே மருந்துதான். மாலை வேளை மருந்து உள்ளே போயிருக்கிறதா, எவ்வளவு போயிருக்கிறது என்று தெரிந்தால் ஊசியின் அளவை அதற்கேற்பத் தீர்மானிப்போம். வீட்டில் ‘கால் மாத்திரை’ கொடுக்கிறோம் என்பார்கள். எதில் கால்? ஃபுரோசமைடு 20 மில்லிகிராமிலும் வருகிறது, 40 மில்லிகிராமிலும் வருகிறது. ஒன்றில் கால் என்றால் 5, இன்னொன்றில் 10. உடைத்த மாத்திரைத் துண்டை மட்டும் கொண்டுவந்து காட்டினால் எங்களாலும் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே இன்றைக்கே மருந்துப் பைகளை எல்லாம் மேசையில் பரப்புங்கள். கிளினிக்கில் ஒட்டித் தரும் லேபிளை, எழுத்து தெளிவாகத் தெரியும்படி ஒவ்வொன்றாகப் படம் எடுங்கள். மாத்திரை அட்டையில் இருந்தால் பின்பக்கத்தையும் எடுங்கள். கடைசி இரண்டு மாத்திரை இருக்கும்போதே அட்டையை வெட்டி எறிந்துவிடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், மருந்தின் பெயர் பெரும்பாலும் அந்த வெட்டிய துண்டில்தான் போகும். அப்புறம் தாளில் மருந்தின் பெயர், ஒரு மாத்திரை எத்தனை மில்லிகிராம், ஒரு வேளைக்கு எவ்வளவு, எந்த நேரம் என்று எழுதுங்கள். லட்டுவின் தாளில் அந்தப் பகுதி ஏறக்குறைய இப்படி இருக்கலாம் (எண்கள் ஓர் எடுத்துக்காட்டுக்கு மட்டும், உங்கள் லேபிளில் உள்ளதை எழுதுங்கள்):

பிமோபெண்டான் (இதயத்துக்கு) 1.25 மி.கி. மாத்திரை – காலை 7, இரவு 7, ஒன்று. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு.
ஃபுரோசமைடு 40 மி.கி. மாத்திரை – காலை 8, இரவு 8, கால் (10 மி.கி.).
மருந்து ஒவ்வாமை: எதுவும் தெரியவில்லை.
எடை: 6.4 கிலோ. எடுத்த தேதி: ______

‘கடைசியாக எப்போது’ என்ற கேள்விக்கு அச்சடித்த தாள் பதில் சொல்லாது. அதற்குக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு மாத அட்டை ஒட்டி, மருந்து கொடுத்தவர் கொடுத்தவுடன் ஒரு கோடு போட்டுவிட்டால் போதும். மருந்தை நீங்கள் கொடுத்துவிட்டுப் போன பிறகு மாமியார் இன்னொரு முறை கொடுத்துவிடும் சிக்கலும் அதிலேயே தீர்ந்துவிடும். கிளம்பும்போது அட்டையையும் பிய்த்து எடுத்துக்கொண்டு வாருங்கள், அல்லது படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

மருந்துப் பட்டியலில் பலர் எழுதாமல் விடுவது, மருந்து என்று அவர்கள் நினைக்காதவை. மாதா மாதம் கழுத்தில் விடும் உண்ணி மருந்து, இதயப்புழு மாத்திரை, மூட்டுக்குக் கொடுக்கும் சத்துப்பொடி, யாரோ சொன்னார்கள் என்று கலந்து கொடுக்கும் மஞ்சள், தடவிய கோடாரித் தைலம், காய்ச்சலோ என்று உடைத்துக் கொடுத்த அரை பனடால் (பாராசிட்டமால்) எல்லாமே எங்களுக்குத் தெரிய வேண்டும். மூட்டு வலிக்கு மெலொக்சிகாம் சாப்பிடுகிற நாய்க்கு, அது தெரியாமல் நாங்கள் ஸ்டீராய்டு போட்டால் வயிற்றில் புண் வந்து ரத்தக்கசிவு வரைக்கும் போகலாம். திட்டுவார்களோ என்று சிலர் மறைக்கிறார்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள். அந்த நேரத்தில் யார் கொடுத்தார்கள் என்பது எங்களுக்கு வேண்டாம், என்ன உள்ளே போனது என்பதுதான் வேண்டும்.

எடையை ஏன் எழுதச் சொல்கிறேன் என்றால், நாங்கள் கொடுக்கும் மருந்து ஏறக்குறைய எல்லாமே கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்குதான். மருத்துவமனையில் எடை பார்ப்பார்களே என்று தோன்றலாம். பார்ப்போம். ஆனால் மூச்சுக்குத் திணறுகிற நாயை ஆக்சிஜனை விட்டு எடுத்துத் தராசில் நிறுத்த எங்களுக்கு மனம் வராது. வீட்டுத் தராசே போதும்: லட்டுவைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை செய்து பழைய எண்ணை அழிக்காமல் கீழே கீழே எழுதி வந்தால் இன்னும் நல்லது. மூன்று மாதத்தில் ஒரு கிலோ இறங்கியிருப்பது கண்ணுக்குத் தெரியாது, வரிசையாக எழுதினால் தெரியும்.

இதய நோய் உள்ள நாய் என்பதால் உங்களுக்குத் தனியாக ஒன்று. லட்டு நன்றாகத் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. நிமிடத்துக்கு 30க்குள் இருந்தால் நல்லது. வாரத்தில் சில நாள் எண்ணி எழுதி வையுங்கள். வழக்கமாக 22, 24 என்று இருந்தவன் இரண்டு நாளாக 36, 38 என்று போனால், நள்ளிரவில் திணறும்வரை காத்திருக்காமல் பகலிலேயே உங்கள் மருத்துவரைக் கூப்பிட்டுவிடலாம். தாளின் தலைப்பிலேயே ‘இதய நோய்’ என்று பெரிதாக எழுதுங்கள். துவண்டு கிடக்கும் பிராணிக்கு வேகமாகத் திரவம் ஏற்றுவது எங்கள் கை தானாகச் செய்யும் வேலை. பழுதான இதயத்துக்கு அதே திரவம் நுரையீரலில் போய்த் தேங்கிவிடும்.

பழைய அறிக்கைகள் எல்லாவற்றையும் கோப்பில் அடுக்கிக் கொண்டுவர வேண்டியதில்லை. கடைசி இரண்டு ரத்தப் பரிசோதனை, கடைசி எக்ஸ்ரே, இதய ஸ்கேன் எடுத்திருந்தால் அதன் அறிக்கை, தடுப்பூசி அட்டை ஆகியவை போதும். ரத்தப் பரிசோதனை இரண்டு கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நீர் மாத்திரை சாப்பிடும் நாய்க்குச் சிறுநீரக எண் கொஞ்சம் கூடியே இருக்கலாம். இன்று வந்த எண் புதிய சிக்கலா, ஆறு மாதமாகவே அப்படித்தானா என்று ஒப்பிட்டுப் பார்த்தால்தான் சொல்ல முடியும். உங்கள் கிளினிக் இரவில் பூட்டியிருக்கும்போது எங்களால் அவர்களிடம் கேட்டு வாங்க முடியாது. ஒவ்வொரு முறை போய்வரும்போதும் அறிக்கையை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் கொடுப்பார்கள், கேட்காவிட்டால் பெரும்பாலும் அவர்கள் கணினியிலேயே கிடக்கும். வந்ததும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, மேலே நிற்கும்படி ‘பின்’ (pin) செய்துவிடுங்கள். பணிப்பெண்ணையும் அந்தக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீடியோவும் ஓர் ஆவணம்தான். வலிப்பு, திடீர் மயக்கம், விட்டு விட்டு வரும் இருமல் மாதிரியான பல தொல்லைகள் மருத்துவமனை வாசலுக்கு வருவதற்குள் நின்றுவிடும். வலிப்பா, இதயக் கோளாறால் வந்த மயக்கமா என்பது சொல்லிக் கேட்டால் பிரித்தறிவது கடினம், முப்பது வினாடி வீடியோவில் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஒருவர் பிராணியைப் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் எடுக்கட்டும். தனியாக இருந்தால் வீடியோ வேண்டாம், முதலில் பிராணி.

எதையாவது தின்றுவிட்டான் என்றால் மூன்று விவரம் போதும்: என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு. உறையையும் மிச்சத்தையும் கையோடு எடுத்து வாருங்கள். சாக்லேட்டும், சர்க்கரை சேர்க்காத சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டியும் நாய்க்கு ஆபத்து என்று இப்போது பலருக்குத் தெரிகிறது. நம் வீடுகளில் எனக்கு அதிகம் கவலை தருவது பாயசத்திலும் கேசரியிலும் போடும் உலர்ந்த திராட்சை, அது நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். பிறகு வெங்காயமும் பூண்டும் போட்ட கறி. தீபாவளி நேரத்தில் விருந்தினர் பாசத்தோடு தட்டிலிருந்து எடுத்து ஊட்டிவிடுவார்கள். வாந்தி எடுக்க வைப்பது முதல் ஓரிரண்டு மணி நேரத்துக்குள்தான் பெரும்பாலும் பலன் தரும், ஆகவே நேரம் முக்கியம். வீட்டில் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்பே விஷமாகிவிடும்.

இனி போகும் வழி. நம் ஊரில் 995க்கு அழைத்தால் வரும் ஆம்புலன்ஸ் மனிதர்களுக்கானது. எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் நாயைக் கொண்டுபோக முடியாது. வாடகை வண்டி அழைக்கும் கிராப் செயலியில் செல்லப்பிராணிகளுக்கென்று தனிச் சேவை உண்டு. அதை மாமியார் அல்லது பணிப்பெண் ஃபோனில் இப்போதே பதிவிறக்கி, வீட்டு முகவரியையும் மருத்துவமனை முகவரியையும் சேமித்து, கட்டணம் கட்டும் வழியையும் சேர்த்துவிடுங்கள். அதோடு, கார் வைத்திருக்கும் அண்டை வீட்டுக்காரர் இருவரிடம் ‘இப்படி ஓர் அவசரம் வந்தால் கூப்பிடலாமா’ என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். இரவில் நான் பார்த்தவரை, அண்டை வீட்டார் காரில் வந்து இறங்குபவர்கள் நிறையப் பேர்.

மருத்துவமனை எண்ணை எழுதி வைப்பதற்கு முன் ஒரு பகல் பொழுதில் அங்கே ஃபோன் செய்து சில கேள்விகள் கேளுங்கள். 24 மணி நேரமும் மருத்துவர் உள்ளேயே இருப்பாரா, அழைத்தால் வருவாரா? ஆக்சிஜன் அறை இருக்கிறதா? இரவு எந்த வாசல் திறந்திருக்கும்? சேர்க்கும்போது முன்பணம் எவ்வளவு கேட்பீர்கள்? முயல், வெள்ளெலி, பறவை வைத்திருப்பவர்கள் ‘இரவில் இதையும் பார்ப்பீர்களா’ என்று கட்டாயம் கேட்க வேண்டும், எல்லா இடத்திலும் பார்க்க மாட்டார்கள். இடம் நிறைந்துவிட்டால் போக இரண்டாவதாக ஒரு மருத்துவமனையின் எண்ணும் தாளில் இருக்கட்டும். கிளம்பும்போது ‘வந்துகொண்டிருக்கிறோம், இதய நோயுள்ள நாய், மூச்சுத்திணறல்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நீங்கள் வருவதற்குள் ஆக்சிஜனைத் தயார் செய்துவிடுவோம்.

அடுத்துச் சொல்லப்போவது பேசவே கஷ்டமான விஷயம். ஆனாலும் பேசியாக வேண்டும். மயக்க மருந்து கொடுக்க, அறுவைச் சிகிச்சை செய்ய, உரிமையாளரின் சம்மதம் எங்களுக்குத் தேவை. நீங்கள் கூட்டத்தில் இருக்கிறீர்கள், கணவர் விமானத்தில் இருக்கிறார், மாமியார் தாளை நீட்டிக்கொண்டு எங்கள் முன் நிற்கிறார். அவரிடம் போய், ‘இதயம் நின்றுவிட்டால் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க முயலலாமா’ என்று கேட்க வேண்டிய நிலை எங்களுக்கு வருகிறது. அந்தச் சுமையை அவர் தலையில் ஏற்றாதீர்கள். நீங்களும் கணவரும் உட்கார்ந்து பேசி, நீங்கள் இருவரும் கிடைக்காதபோது யார் முடிவெடுக்கலாம், எவ்வளவு தொகை வரை உடனே செலவு செய்யலாம், இதயம் நின்றால் முயல வேண்டுமா வேண்டாமா என்ற மூன்றையும் எழுதிக் கையெழுத்திடுங்கள். தீராத நோயால் நின்ற இதயம் திரும்பத் துடித்து, பிராணி வீடு போவது அரிது. மயக்க மருந்தின்போது நின்றால் வாய்ப்பு அதைவிட நல்லது. ‘முயல வேண்டாம்’ என்று எழுதுவதால் நீங்கள் லட்டுவைக் கைவிட்டதாக ஆகாது. மூச்சுத்திணறலுக்கும் வலிக்கும் தரும் சிகிச்சை எதையும் நாங்கள் அதனால் குறைப்பதில்லை. இந்தியாவுக்கோ வேறெங்கோ விடுமுறை போகும்போது இதே கடிதத்தைத் தேதி போட்டுப் புதுப்பித்து, வழக்கமான கிளினிக்கிலும் ஒரு நகல் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, நம் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவ் பிராணிகளுக்குப் பயன்படாது. காப்பீடு இருந்தாலும் பொதுவாக நாம் முதலில் கட்டிவிட்டுப் பிறகு கோர வேண்டியிருக்கும், ஏற்கெனவே இருந்த நோயை ஏற்க மாட்டார்கள். முன்பணத்தை யார் எப்படிக் கட்டுவது என்று தீர்மானித்து, காப்பீட்டு எண்ணையும் தாளில் எழுதுங்கள்.

நாய் உரிமமும் மைக்ரோசிப்பும் லட்டுவுக்கு இருக்கும். நாய்களுக்குச் சிங்கப்பூரில் இது கட்டாயம். 15 இலக்க சிப் எண்ணைத் தாளில் குறித்துவிட்டு, தேசியப் பூங்காக் கழகத்தின் உரிமப் பதிவில் உங்கள் ஃபோன் எண்ணும் முகவரியும் இன்றைய நிலவரப்படி இருக்கிறதா என்று பாருங்கள். மிரண்டு ஓடி அடிபட்ட நாயை யாரோ கொண்டுவந்தால் சிப்பைப் படிக்க எங்களிடம் கருவி உண்டு. ஆனால் சிப்பில் இருப்பது வெறும் எண்தான், அதைப் பிடித்து உங்களை எட்டுவது பதிவில் உள்ள ஃபோன் எண்ணைப் பொறுத்தது. வீடு மாறியவர்கள் பலர் இதை மாற்ற மறந்துவிடுகிறார்கள்.

தாளை எந்த மொழியில் எழுதுவது? மருத்துவ விவரம் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கட்டும், இரவுப் பணியில் யார் இருந்தாலும் படிக்க வேண்டும். அதன் பின்பக்கத்தில் மாமியாருக்கு மட்டும் தமிழில், பெரிய எழுத்தில், நாலைந்து வரி: முதலில் யாருக்கு ஃபோன் செய்வது, அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார், எந்தப் பையை எடுத்துக்கொள்வது, வண்டிக்கு யாரைக் கூப்பிடுவது. பணிப்பெண்ணுக்கு அவர் மொழியில் அதையே எழுதிக் கொடுங்கள். ஒரு நகல் குளிர்பதனப் பெட்டியின் கதவில், ஒன்று லட்டுவைத் தூக்கிப்போகும் பையில், படம் குடும்பக் குழுவில். மேல் ஓரத்தில் தேதி வேண்டும். மருந்து அளவை மருத்துவர் மாற்றிய அன்றே தாளையும் மாற்றுங்கள். பழைய அளவோடு இருக்கும் தாள், தாளே இல்லாததைவிட ஆபத்து, ஏனென்றால் நாங்கள் அதை நம்பிவிடுவோம்.

எல்லாம் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பாருங்கள். நீங்கள் அறைக்குள் போய் மாமியாருக்கு ஃபோன் செய்து, ‘நான் மருத்துவர் பேசுகிறேன், என்ன ஆச்சும்மா? என்ன மருந்து கொடுக்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். அவர் எந்த இடத்தில் தாளைத் திருப்பித் திருப்பித் தேடுகிறார் என்று கவனியுங்கள். அந்த இடத்தைத் திருத்தி எழுதுங்கள்.

தங்கையின் பூனைக்கும் அடிப்படை இதேதான், சிலவற்றைச் சேர்க்க வேண்டும். பூனைகளுக்கு ஏ, பி, ஏபி என்று ரத்த வகை உண்டு. நாய்க்கு முதல் முறை வேறு வகை ரத்தம் ஏற்றினாலும் பெரும்பாலும் உடனடி ஆபத்து வருவதில்லை. பி வகைப் பூனைக்கு ஏ வகை ரத்தம் கொஞ்சம் ஏறினாலே முதல் முறையிலேயே உயிர் போகலாம். பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர் போன்ற இனங்களில் பி வகை கூடுதலாகக் காணப்படுகிறது. அடுத்த முறை வேறு எதற்காவது ரத்தம் எடுக்கும்போது வகையையும் பார்த்துத் தாளில் எழுதச் சொல்லுங்கள். பனடால் பூனைக்கு ஒரு துண்டுகூடக் கூடாது. பெர்மெத்ரின் கலந்த, நாய்க்கான உண்ணி மருந்தைக் கழுத்தில் விட்டால் பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் வரும். சீனப் புத்தாண்டுக்கு வாங்கும் லில்லிப் பூவின் மகரந்தம் மேலே பட்டு நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கலாம். இவற்றில் எது பட்டிருந்தாலும், பூனை நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றினாலும், உடனே கிளம்ப வேண்டும். செடியென்றால் அதன் படத்தோடு.

2024 செப்டம்பர் 1 முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி உண்டு, உரிமமும் சிப்பும் வேண்டும். அவற்றைப் பெறத் தரப்பட்ட இடைக்காலம் 2026 ஆகஸ்ட் 31 வரை. தூக்கிப்போகும் கூண்டை அலமாரி மேல் வைக்காமல் கூடத்திலேயே திறந்து வைக்கச் சொல்லுங்கள், பூனை அதில் தூங்கிப் பழகிவிட்டால் அவசரத்தில் கட்டிலுக்கடியில் துரத்த வேண்டியிருக்காது. ஆண் பூனை என்றால் தாளில் இன்னொரு வரி: ‘கடைசியாகச் சிறுநீர் கழித்தது எப்போது?’ மணல் தட்டுக்கு அடிக்கடி போய்க் குந்தியும் மணல் நனையாமல் இருந்தால் சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரண்டு நாளில் இதயத்தை நிறுத்திவிடும் நோய் அது. மலச்சிக்கல் என்று நினைத்துக் காலைவரை வைத்திருந்து கொண்டுவருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தங்கையிடம் இதை மட்டும் இன்றே ஃபோனில் சொல்லிவிடுங்கள்.